தலைவர் வீட்டு வாசலில் எரியாத விளக்கு

வேறொரு பெண்ணின் மேல் பொறாமை என்றால் யாரிடமாவது சொல்லி அழலாம். கேட்பவர்களுக்கும் பொழுது போகும். எனக்கு வந்த பொறாமை ஒரு சாக்கடையின் மேல். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

கிள்ளானில் எங்கள் தாமான் குடியிருப்பின் மூலை வீட்டுப் பக்கவாட்டில் ஓடும் சிமெண்டுச் சாக்கடை அது. லோங்காங் என்றுதான் எல்லோரும் சொல்வோம். இலையும் பிளாஸ்டிக்கும் அடைத்துக்கொண்டு, மழை பெய்தால் வழிந்து ரோட்டுக்கு வரும். அதற்காக என் வீட்டுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் கொடுத்தார். அன்று மத்தியானம் நாங்கள் இருவரும் பங்சாரில் வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போவதாக இருந்தது. நான் சேலை கட்டி, பூ வைத்து, கைப்பையோடு வாசலில் நின்றேன். அவர் அரைக்கால் சட்டையோடு சாக்கடை ஓரம் குந்தி, நகராண்மைக் கழகத்திலிருந்து வந்த ஆட்களுக்கு எந்த மூடியைத் திறக்க வேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினார். வரச் சொல்கிறாரோ என்று பார்த்தேன். நீ போய்ச் சாப்பிடு என்று அர்த்தமாம்.

அவர் எங்கள் குடியிருப்பாளர் சங்கத்தின் தலைவர். அந்தப் பதவிக்கு அவரைத் தள்ளிவிட்டதே நான்தான் என்பது இன்னொரு வயிற்றெரிச்சல். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தவர் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்தார். டிவியில் ஒரு சேனலில் நிற்க மாட்டார். நான் சமைக்கும்போது பின்னால் வந்து நின்று, கடுகு ஏன் இவ்வளவு என்று கேட்பார். அந்தச் சமயத்தில் பழைய தலைவர் வீட்டை விற்றுவிட்டுப் போக, ஆள் இல்லாமல் இவரை வந்து கேட்டார்கள். போங்க, நாலு பேருக்கு நல்லது செய்யுங்க என்று நானே சொல்லி அனுப்பினேன். நாலு பேரில் நான் இல்லை என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

அவருடைய போன் நம்பரைத் தாமான் நுழைவாயிலில் உள்ள பலகையில் எழுதி வைத்தார்கள். வாட்ஸ்அப் குழுவிலும் போட்டார்கள். அன்றிலிருந்து எங்கள் வீடு நகராண்மைக் கழகத்தின் கிளை அலுவலகம் ஆகிவிட்டது. குப்பை லோரி வரவில்லை, மரக்கிளை காரின் மேல் விழுந்துவிட்டது, கொசு மருந்து எப்போது அடிப்பார்கள், விளையாட்டு மைதானத்து ஊஞ்சலில் சங்கிலி அறுந்துவிட்டது என்று ஒருவர் மாற்றி ஒருவர். இவர் உடனே போய்ப் படம் எடுப்பார், கழகத்துக்கு அனுப்புவார், மறுநாள் போன் போட்டு விசாரிப்பார். கழகத்துக்காரர்களைக் குறை சொல்ல முடியாது. சொன்னால் வந்துவிடுவார்கள். ஆனால் சொல்ல வேண்டும் அல்லவா, அங்கேதான் என் கதை.

அதற்கு முன் மூலை வீட்டு டீச்சரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சாக்கடை அவருடையது. ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறார், எங்களைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார். யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே கிளார்க் வேலைக்கு வந்த குடும்பம். நாலு தலைமுறை ஆகியும் அந்த ஊர்த் தமிழ் இன்னும் வீட்டுக்குள் மிச்சமிருக்கிறது. போன் போட்டு, "தம்பி, ஒருக்கா வந்து பாருமன்" என்பார். அவ்வளவுதான். வாயில் வைத்த சோற்றை முழுங்கியும் முழுங்காமலும் இவர் எழுந்துவிடுவார். திரும்பி வரும்போது கையில் ஒரு தட்டு இருக்கும், அதில் கொழுக்கட்டையோ வடையோ இருக்கும். நானும் வடை சுடுகிறவள்தான். என் வடையை அவர் கையில் ஏந்தி நடுரோட்டில் நடந்து போனதாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஒரு நாள் டீச்சர் என்னைப் பார்த்து, உம்முடைய அவர் தங்கம் என்று சொன்னார். நான் சிரித்தேன். வீட்டுக்கு வந்து இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தும் எரிச்சல் அடங்கவில்லை. தங்கம்தான். அது எங்கே மின்னுகிறது என்பதுதான் எனக்குப் பிரச்சினை.

அந்தத் தாமான் மக்களோடு பேசுவதற்கென்று அவர் ஒரு குரல் வைத்திருந்தார். அவசரமே இல்லாத குரல். எதிரில் இருப்பவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து, ஆமா, சரிங்க, புரியுது என்று பதில் சொல்லும் குரல். அந்தக் குரலை நானும் கேட்டிருக்கிறேன், எங்களுக்குக் கல்யாணம் பேசி முடித்த காலத்தில். அதற்குப் பிறகு எனக்குக் கிடைத்ததெல்லாம், ம், என்ன, சொல்லு, சாப்பாடு ரெடியா என்பதுதான். வீட்டில் இருப்பவளிடம் யார் குரலைக் குழைத்துக்கொண்டிருப்பார்கள் என்று என்னை நானே சமாதானம் செய்துகொள்வேன். அந்தச் சமாதானம் அடுத்த போன் வரும்வரை தாங்கும்.

இப்போது விளக்குக்கு வருகிறேன்.

எங்கள் வீடு தெருவின் கடைசி வளைவில் இருக்கிறது. கேட்டுக்கு நேர் எதிரே ஒரு விளக்குக் கம்பம். எங்களுக்கு அப்புறம் ஒரு காலி வீடு, பிறகு புதர், அதையொட்டிப் பின்னால் உள்ள அடுக்குமாடி வீடுகளுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை. அந்தக் கம்பத்து விளக்கு கொஞ்ச நாள் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது, பிறகு ஒரேயடியாகப் போய்விட்டது.

நான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பல் மருத்துவரிடம் கவுண்டரில் வேலை பார்க்கிறேன். மாலையில் வேலை முடிந்து, கொம்யூட்டர் ரயில் பிடித்து, கிள்ளானில் இறங்கி, பஸ் ஏறி, தாமான் வாசலில் இறங்கி நடந்து வரும்போது எட்டு மணி ஆகிவிடும். முன்பு அவர் ஸ்டேஷனுக்கு வந்து ஏற்றிக்கொள்வார். தலைவர் ஆன பிறகு அது நின்றுபோனது. ஜனங்கள் வேலை முடிந்து வந்து குறை சொல்லும் நேரம் அது, வீட்டில் ஆள் இருக்க வேண்டும் என்றார். சரி என்று விட்டேன். விளக்கு எரியும்வரை அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை.

இருட்டான பிறகுதான் அந்த வளைவு எப்படிப்பட்ட இடம் என்று தெரிந்தது. காலி வீட்டு வாசலில் தெரு நாய்கள் படுத்திருக்கும். எங்கே படுத்திருக்கின்றன என்று தெரியாது, உறுமினால்தான் தெரியும். பக்கத்துத் தாமானில் ஒரு பெண்ணின் கைப்பையை மோட்டார் சைக்கிளில் வந்தவன் பிடுங்கி, அவள் கீழே விழுந்து கை உடைந்த கதை வேறு எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். பின்னால் மோட்டார் சத்தம் கேட்டால் போதும். பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு சுவர் ஓரமாக ஒதுங்கி நிற்பேன். அது கடந்து போன பிறகுதான் மூச்சு வரும். கேட்டைத் திறக்கும்போதும் திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். ஐம்பது வயதைத் தாண்டியவள் சொந்த வீட்டு வாசலில் நின்று இப்படிப் பயந்தேன் என்று எழுதுவதில் எனக்கு வெட்கம் இல்லை. பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

அவரிடம் சொன்னேன். விளக்குப் போய்விட்டது, கழகத்துக்குச் சொல்லுங்கள் என்றேன்.

அவர் முகத்தில் நான் எதிர்பார்க்காத ஒரு சங்கடம் வந்தது. அதற்குக் காரணம் பழைய தலைவர். அவர் பதவிக்கு வந்ததும் முதல் வேலையாகத் தன் வீட்டு வாசலில் ஒரு வேகத்தடை போட வைத்தார். வேறு எங்கும் இல்லை, சரியாக அவர் கேட்டுக்கு முன்னால். அதற்கு இந்தத் தாமான் 'தலைவர் மேடு' என்று பெயர் வைத்துச் சிரித்தது. அந்தப் பெயரை வைத்தவர் வேறு யாரும் இல்லை, என் வீட்டுக்காரர்தான். காப்பிக் கடையில் உட்கார்ந்து அதைச் சொல்லிச் சொல்லி நாலு மேசைக்காரர்களைச் சிரிக்க வைத்தவர். இப்போது அவர் கேட்டுக்கு முன்னால் விளக்கு.

"நம்ம வாசல்ல உள்ளத நானே ரிப்போர்ட் பண்ணா, தலைவர் லைட்டுன்னு பேர் வச்சிடுவானுங்க லா. வேற யாராவது சொல்லட்டும், அப்ப பாப்போம்" என்றார்.

வேறு யார் சொல்வார்கள்? எங்களுக்கு அப்புறம் வீடு காலி. பின்பக்கத்து அடுக்குமாடி ஆட்கள் அந்த வழியாக நடந்து போவார்கள், ஆனால் அவர்களுக்கு வேறு சங்கம். நானும் விடவில்லை. சாப்பாடு போடும்போது சொன்னேன், துணி மடிக்கும்போது சொன்னேன். ம் என்றார், பாக்குறேன் என்றார். நானே கழகத்துக்குப் போன் போடுகிறேன் என்றதற்கு, தலைவர் பெண்டாட்டி போட்டாலும் அதே பேச்சுத்தான் வரும் என்று தடுத்தார். ஊர் வாய்க்குப் பயந்த மனிதர், வீட்டில் ஒருத்தி இருட்டுக்குப் பயப்படுவதைக் காதில் வாங்கவில்லை.

இதற்கு நடுவில் டீச்சர் வீட்டு முன்னால் இருந்த விளக்கு ஒரு நாள் மங்கியது. போகவில்லை, மங்கியது. அவ்வளவுதான், லோரி வந்தது, ஏணி ஏறியது, பழைய மஞ்சள் விளக்கைக் கழற்றிவிட்டுப் புதிதாக வெள்ளை விளக்கு மாட்டினார்கள். குழுவில் இவர் படம் போட்டார். கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்தன. அன்று மாலை நான் தாமானுக்குள் நுழைந்தபோது டீச்சர் வீட்டு வாசலில் ஊசி விழுந்தால் எடுத்துவிடலாம், அப்படி ஒரு வெளிச்சம். அதைக் கடந்து எங்கள் வளைவுக்குத் திரும்பியதும் என் கால் எனக்குத் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு நாய் உறுமிக்கொண்டு எழுந்தது. நான் ஓடினேன். செருப்பு ஒன்று எங்கேயோ கழன்றது. தேடவில்லை.

மூச்சு வாங்க உள்ளே போய், நாய் துரத்தியது என்றேன். அவர் போனில் யாருக்கோ எழுதிக்கொண்டிருந்தார். ம் என்றார். ஒரு காலில் செருப்பு இல்லாமல் நான் நிற்பதை நிமிர்ந்து பார்க்கவில்லை.

சமையலறைக்குப் போனேன். அழவில்லை, அழுகிற அளவுக்குப் பொறுமை இல்லை. அந்த வாரம் கிளினிக் போன் என்னிடம் இருந்தது. நோயாளிகளுக்கு நேரம் ஞாபகப்படுத்துவதற்காக வாங்கியது, முறை வைத்து ஒவ்வொருவராக வீட்டுக்குக் கொண்டுபோவோம். வாட்ஸ்அப் முகப்பில் கிளினிக் பெயர் கிடையாது, ஒரு செம்பருத்திப் பூப் படம் மட்டும். அந்த நம்பர் அவருக்குத் தெரியாது. வேறு யாராவது சொல்ல வேண்டும், அப்படித்தானே? சரி, நான் வேறு யாராவது ஆகிவிடுகிறேன் என்று அதை எடுத்தேன்.

எடுத்த பிறகு ஒரு தடங்கல். அவரை எப்படிக் கூப்பிடுவது? இந்தத் தாமானில் எல்லாப் பெண்களும் அவரை அண்ணே என்பார்கள். அ என்று அடித்தேன், விரல் அதற்கு மேல் போகவில்லை. கட்டிய புருஷனை எப்படி அண்ணே என்பது, சாமி குத்தம் ஆகிவிடாதா. அங்கிள் என்று அடித்து, அதைவிடக் கேவலமாக இருந்ததால் அழித்தேன். கடைசியில் தலைவருக்கு வணக்கம் என்று ஆரம்பித்து, வளைவில் உள்ள விளக்கு ரொம்ப நாளாக எரியவில்லை, வேலை முடிந்து தனியாக அந்த வழியாக நடந்து வருகிறேன், நாய்கள் இருக்கின்றன, எனக்குப் பயமாக இருக்கிறது என்று எழுதி அனுப்பினேன். பெயர் போடவில்லை. எழுதியதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

ஹாலில் அவர் போன் சிணுங்கியது. பிறகு டிவியின் சத்தம் குறைந்தது. நான் பேசும்போது அவர் டிவியைக் குறைத்ததே கிடையாது. கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் அந்தக் குரல் பேச ஆரம்பித்தது, அவசரம் இல்லாத அந்தக் குரல்.

"அக்கா வணக்கம். பயப்படாதீங்க, நான் இருக்கேன். நாளைக்குக் காலையிலயே சொல்லிடறேன். நீங்க எத்தன மணிக்கு வருவீங்கன்னு மட்டும் சொல்லுங்க, லைட்டு வர்ற வரைக்கும் நானே அங்க வந்து நிக்கிறேன்."

கையிலிருந்த போன் நடுங்கியது. அந்தப் பேச்சு குரல் பதிவாக அதில் வந்து விழுந்திருந்தது. குளியலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, காதோடு வைத்து மறுபடி கேட்டேன். பிறகு இன்னொரு தடவை கேட்டேன். நான் இருக்கேன் என்கிறார். யாரென்றே தெரியாத ஒருத்திக்கு இருக்கிறாராம். அவள் எத்தனை மாதம் சொன்னாள்? எத்தனை தடவை கெஞ்சினாள்? ஒரே ஒரு தடவை எழுதினாள், டிவி குறைந்துவிட்டது, காவலுக்கு ஆளும் வந்துவிட்டது. எட்டு மணி வாக்கில் என்று பதில் அடித்தேன். அடிக்கும்போதே அவள் மேல் எனக்குக் கோபம் வந்தது. அக்காவாம், அக்கா.

நான் வெளியே வந்தபோது ஹாலில் அவர் இல்லை. சட்டையை மாட்டிக்கொண்டு ரோட்டுக்குப் போய், அந்தக் கம்பத்தை அண்ணாந்து பார்த்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்து, ரொம்பக் கவலையோடு என்னிடம் சொன்னார்: "நம்ம வாசல்ல லைட்டு எரியல, பாத்தியா? பாவம், ஒரு அக்கா ரொம்ப பயப்படுறாங்க."

ஆமாங்க, பாவம்தான் என்றேன். வேறு என்ன சொல்வது?

மறுநாள் காலையில் கழகத்துக்குச் சொல்லிவிட்டார். கம்பத்துக்கு அடியில் கேபிளைப் பார்க்க வேண்டும், இரண்டு மூன்று நாளில் ஆள் வரும் என்றார்களாம். அதை அந்த அக்காவுக்கு மரியாதையாக அறிவித்தார். நான் கவுண்டரில் உட்கார்ந்து அதைக் கேட்டேன். பக்கத்தில் வேலை பார்க்கும் பெண், யாரு அக்கா அது, இவ்வளவு அன்பாப் பேசுறாரு என்றாள். எங்க தாமான் தலைவர் என்று சொல்லிவிட்டு, பல்வலியோடு வந்தவரின் பெயரைக் கூப்பிட்டேன்.

அன்று மாலை ரயிலில் எனக்கு உட்கார இடம் கிடைத்தும் மனசு உட்காரவில்லை. வீட்டுக்குப் போனதும் சொல்லிவிட வேண்டும், அந்த அக்கா நான்தான் என்று போனைக் காட்டிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். அவர் முகம் எப்படிப் போகும் என்று நினைத்துப் பார்த்தேன். கொஞ்சம் திட்டுவார், பிறகு சிரித்துவிடுவார். பிறகாவது புரியும்.

டீச்சர் வீட்டு வெளிச்சத்தைத் தாண்டி வளைவில் திரும்பினேன். கம்பத்தடியில் ஒரு டார்ச் வெளிச்சம். அவர்தான் நின்றார், தலை சீவி, சுத்தமான சட்டை போட்டிருந்தார். இன்னொரு கையில் நாயை விரட்ட ஒரு குடை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்தக் கணத்தில் எனக்குக் கிளினிக் போனும் மறந்தது, அக்காவும் மறந்தாள். என் வீட்டுக்காரர் எனக்காக இருட்டில் வந்து நிற்கிறார் என்று மட்டும்தான் தோன்றியது. நான் வேகமாக நடந்தேன்.

டார்ச் என் முகத்தில் பட்டு, உடனே என்னைத் தாண்டிப் பின்னால் உள்ள ரோட்டுக்குப் போனது.

"நீயா. நீ உள்ள போ, அந்த அக்கா வர்ற நேரம்" என்றார்.

"நானும் தெனமும் இந்த இருட்டுலதாங்க வரேன்" என்றேன்.

"நீ நம்ம வீட்டு ஆளு லா" என்றார், ரோட்டைப் பார்த்தபடியே. கடிந்து சொல்லவில்லை. சாதாரணமாக, இதற்கெல்லாம் விளக்கம் வேண்டுமா என்பதுபோல் சொன்னார்.

அதன் பிறகு போனைக் காட்ட மனம் வரவில்லை, உள்ளே போனேன். விளக்கைப் போட்டேன். முகம் கழுவி, சோற்றைச் சூடு பண்ணி, மேசையில் வைத்தேன். அவர் வரவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அடுக்குமாடிக்குப் போகும் ஒரு பெண் வந்தாள், அவள் காலடிக்கு வெளிச்சம் காட்டி, ஒற்றையடிப் பாதை வரை கூடவே போய்விட்டுத் திரும்பி வந்து, மறுபடி அதே இடத்தில் நின்றார். அவள் அந்த அக்கா இல்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பார். கொசு கடிக்கிறது போல, காலை மாற்றி மாற்றித் தேய்த்துக்கொண்டார். டிவியில் செய்தி முடிந்து நாடகமும் ஆரம்பித்துவிட்டது.

பொறுக்க முடியாமல் கேட்டுக்குப் போனேன்.

"வாங்க சாப்பிட. அவங்க வந்துட்டாங்க" என்றேன்.

"எப்ப? நான் பாக்கலயே."

"அப்பவே வந்துட்டாங்க. நீங்கதான் பாக்கல."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இப்போது புரியும் என்று நினைத்தேன். அவர் தலையை ஆட்டினார், எனக்குப் பசி, அதனால் ஏதோ சொல்லிக் கூப்பிடுகிறேன் என்று எடுத்துக்கொண்டார். நீ சாப்பிடு, பஸ் லேட்டா இருக்கும், இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று, மறுபடி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் உள்ளே போகவில்லை. அவருக்குப் பின்னால் அதே இருட்டில் நின்று, அவர் பார்த்த ரோட்டையே நானும் பார்த்தேன். அந்த அக்கா மட்டும் அந்த நேரத்தில் அந்த வளைவில் வந்திருந்தால், நான் அவளைச் சும்மா விட்டிருக்க மாட்டேன்.